என் மகளுக்கு நான் எடுத்த அளவு

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் எல்லோருமே முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, மேடம். பிடித்த நிறத்தில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறார்கள். நானே கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நிறம் முடிவான பிறகு அவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, தொடை எலும்பின் நீளத்தை அளப்பேன். என் வேலை அங்கேதான் ஆரம்பம்.

இருபத்தெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். மொன்டெல்லோ குன்றின் அடியில், பியாவே ஆற்றுக்கு இந்தப் பக்கம், யாரைக் கேட்டாலும் நேவியோவின் கடையைக் காட்டுவார்கள். ஒருவர் நடந்து உள்ளே வரும்போதே அவருக்கு எந்தக் கால் குட்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கு இடது இடுப்பு ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. சின்ன வயதில் எங்கோ விழுந்திருப்பீர்கள். இந்த நாற்காலியில் நாள் முழுக்க உட்காராதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நேரப் பந்தய சைக்கிள் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. மற்ற பந்தயங்களில் கூட்டமாக ஓட்டுவார்கள், முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்காகக் காற்றை வாங்கிக்கொள்வான். நேரப் பந்தயத்தில் ஒவ்வொருவராகக் கிளப்பிவிடுவார்கள். ஆள், கடிகாரம், காற்று, அவ்வளவுதான். அதனால் காற்றின் கண்ணில் படாதபடி உடம்பை மடித்து வைக்க வேண்டும். முழங்கைகள் இரண்டும் முன்னால் ஹேண்டில்பாரில் இருக்கிற தட்டின் மேல், முதுகு மேசைப் பலகை மாதிரி, தலை தோள்களுக்கு நடுவில். முன்பக்கத்தை இறக்க இறக்க வேகம் கூடும். ஆனால் தொடையும் வயிறும் சேரும் இடம் இறுகிக்கொண்டே போகும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இது எனக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தெரியவந்தது. பாஸானோவிலிருந்து ஒரு வீரர் வந்தார். முழு மூச்சாக மிதிக்கும்போது மட்டும் இடது கால் செத்துப்போகிறது, நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றார். படுக்க வைத்துப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு அறுவை மருத்துவர் கண்டுபிடித்தார். அவர் என் கடைக்கே வந்து படம் போட்டுக் காட்டினார். "குழாய் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தடிக்கும். ஒருநாள் உள்சுவர் கிழிஞ்சு அப்படியே அடைச்சுக்கும். அப்போ ஆறு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள திறந்தா கால் பிழைக்கும்" என்றார். அதற்குப் பிறகு பதினோரு பேரை நான் சரியான நேரத்தில் அவரிடம் அனுப்பியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு கால்கள்.

என் மகள் இலேனியாவுக்குத் தொடை நீளம், மேலுடம்பு குட்டை. இந்தப் பந்தயத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உடம்பு. பதினாறு வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அவளைப் பழக்கியவன் தார்சீசியோ. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஊர்க் கழகத்தின் பயிற்சியாளன், வாயாடி. "உன் மூக்கு அவளுக்கு வராததால தப்பிச்சாடா, இல்லாட்டி காத்துல மாட்டியிருப்பா" என்பான். அவளுடைய அம்மா அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தோரினோவுக்குப் போய்விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஒரு பல் டாக்டருக்குச் சீட்டின் உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியோடு கடை வழியாகத்தான் போனாள். அதனால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மார்ச் மாதம், ஹாலந்திலிருந்து மாரிட் என்று ஒரு பெண்மணி வந்தார். ஒரு பெண்கள் அணியை நடத்துகிறவர். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சோளமாவைக் கிண்டிப் பொலெந்தாவும், கூட முயல் கறியும் வைத்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "ஜூன்ல தேசிய நேரப் பந்தயம். உங்க பொண்ணு முதல் மூணு இடத்துல வந்தா இரண்டு வருஷ ஒப்பந்தம். எங்க ஊர்லயே வந்து தங்கிடணும்."

இலேனியா என்னைப் பார்த்தாள். இருபத்தொரு வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வீட்டில் இருந்துகொண்டு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"சைக்கிளை நீதான்ப்பா அமைச்சுத் தரணும்" என்றாள். "வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"வேற யார் கையையும் நான் விட மாட்டேன்" என்றேன்.

இரண்டு ஃபிரேம்களைக் கடையில் நிறுத்தினேன். ஒன்று அவளுக்குச் சரியானது. இன்னொன்று ஒரு அளவு சின்னது, முன்பக்கம் தாழ்ந்தது. பெரியதில் உட்கார்ந்து பத்து நிமிடம் மிதித்தாள்.

"இதுல மூச்சு நல்லா வருதுப்பா."

"மூச்சு வருதுன்னா காத்தும் வருதுன்னு அர்த்தம்" என்றேன். "சின்னதுல ஏறு."

ஏறினாள். முழங்கால் மார்பை வந்து தொட்டது. "கொஞ்சம் நெரிக்குதே."

"நெரிக்காம யாரும்மா ஜெயிச்சிருக்காங்க? பழகிக்குவ."

தலையாட்டினாள். அவள் என்னை எதிர்த்துப் பேசிப் பழகாதவள். நல்ல வளர்ப்பு என்று ஊரில் சொல்வார்கள்.

பெடலை அச்சோடு சேர்க்கிற தண்டுக்குக் கிராங்க் என்று பெயர்; அந்தப் பிள்ளைக்கு வேண்டிய கிராங்கின் நீளம் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர். நான் போட்டது அதைவிட ஏழரை மில்லிமீட்டர் நீளம். பெடல் மேலே வரும்போது அவளுடைய தொடை ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஏழரை மில்லிமீட்டர் அதிகமாக வயிற்றுக்குள் போகும். ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று. சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். முழங்கைத் தட்டுகளை மூன்று சென்டிமீட்டர் இறக்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். இடது பக்கத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்பது, வலது பக்கத்தில் நான் என்ன கொடுத்தேன் என்பது. இடது பக்கத்தை ஏன் எழுதினேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பொய்யான அளவை எழுத எனக்குக் கை வராது, மேடம். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு அளவைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை.

அவளுடைய கால் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்தாவது இடம் வந்தால் போதும் என்று நினைத்தேன். ஐந்தாவது இடம் ஒன்றும் கேவலமில்லை. ஐந்தாவது வந்தவளை யாரும் ஹாலந்துக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். கொஞ்ச நாள் அழுவாள், பிறகு கடையில் என்னோடு உட்காருவாள், கணக்கெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் ஏப்ரலில் நடந்த முதல் பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டாள். அப்படி மடிந்து உட்கார்ந்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். என் வேலையில் குறை சொல்ல முடியாது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீ சொன்னதுதான்ப்பா சரி" என்றாள். மறுநாள் தட்டுகளை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கினேன்.

மே மாதத்தில் வலி வந்தது. இடது தொடையில் ஆரம்பித்து, பிறகு பாதம் மரத்துப்போனது. தார்சீசியோ கடைக்கு வந்தான்.

"பொண்ணு இடது காலை இழுக்கிறா, நேவியோ. பதினைஞ்சாவது நிமிஷத்துல பார்த்தா ஒத்தைக் கால்ல மிதிக்கிற மாதிரி இருக்கு."

"பயம். பெரிய பந்தயம் வருதில்ல."

"பயந்த பொண்ணை நான் பார்த்திருக்கேன்டா. இவ பயப்படல. நீ பாஸானோக்காரனுக்குச் சொன்னியே ஒண்ணு, அதுவா இருக்குமோ?"

"அதுவா இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "அதுவும் சரி. உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் தப்பில்லை. என்னை நம்பினான்.

ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கட்டிலில் படுக்க வைத்து, நாடி பார்த்து, நல்ல கால் என்றார். படுத்திருக்கும்போது பார்த்தால் தெரியாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது வண்டியில் அவளிடம் சொன்னேன், வலி உன் காலில் இல்லை, தலையில் இருக்கிறது என்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் கோழையாப்பா?"

"எல்லாருக்கும் எல்லாமும் வராதும்மா" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்து வந்து கடையின் பின்னறையில் தரையில் உட்கார்ந்து அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவேன். சூப் வைத்துக் கொடுப்பேன். என் தோளில் சாய்ந்துகொள்வாள். அவளுக்கு ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்தது அப்போதுதான். உண்மையைச் சொல்கிறேன், மேடம், அந்த மே மாதம்தான் எங்கள் வீட்டில் மிகவும் நிம்மதியான மாதம்.

பந்தயம் ஜூன் இருபத்திரண்டாம் தேதி, ஃப்ரியூலி சமவெளியில். முப்பது கிலோமீட்டர், வளைவே இல்லாத சாலை, இரண்டு பக்கமும் சோளம். பாதி தூரத்தில் ஒன்பதாவது இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடையை எப்படி மாற்றி அமைப்பது, அவளுக்கு எந்த மேசையைக் கொடுப்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவள் மூன்றாவதாக வந்தாள். நான்காவது ஆளைவிட இரண்டு நொடி முன்னால். கடைசி பத்து கிலோமீட்டரை ஒரே காலால் மிதித்து வந்திருக்கிறாள் என்று தார்சீசியோ பிறகு எல்லோரிடமும் சொன்னான். அது கொஞ்சம் மிகை. ஆனால் பெரிய மிகை இல்லை.

கோட்டைத் தாண்டியதும் அவளால் இறங்க முடியவில்லை. மாரிட் ஓடி வந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். "எங்களோட வர்ற நீ, புரியுதா? வர்ற" என்று காதில் சொன்னார். இலேனியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, கால் இல்லாத மாதிரி இருக்கு."

ஷூவைக் கழற்றினேன். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஜூன் மாத வெயிலில் மீனைப் போலச் சில்லென்று இருந்தது. கணுக்காலில் விரலை வைத்தேன். நாடி இல்லை. ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். வரவில்லை. மணி பன்னிரண்டு நாற்பது.

"மருத்துவக் கூடாரம் அந்தப் பக்கம் இருக்கு, தூக்கு" என்றான் தார்சீசியோ.

"சதை பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. என் பொண்ணை எனக்குத் தெரியும்" என்றேன். மாரிட்டிடம், வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. என் வார்த்தைக்கு அந்த இடத்தில் அப்படி ஒரு மதிப்பு.

வேனில் பின் இருக்கையில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினேன். பதினோராவது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பலகை வந்தது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நேராகப் போனேன்.

"அப்பா, வலி அதிகமாகுது" என்றாள்.

"வீடு வந்துடும்மா."

வீட்டுக்கு இரண்டே கால் மணிக்கு வந்தோம். சோபாவில் படுக்க வைத்தேன். சுடு தண்ணீர்ப் பை வைத்தேன். அது கூடாது என்பதும் எனக்குத் தெரியும். மூன்றரை மணிக்கு, கால் வலிக்கவில்லை என்றாள். குணமாகிறது என்று அவள் நினைத்தாள். பட்டாணி உரித்து, அரிசியோடு போட்டு வேக வைத்தேன். அவளுக்கு மிகவும் பிடித்தது. மூன்று கரண்டி சாப்பிட்டாள். ஹாலந்தில் சைக்கிளுக்கென்றே தனிச் சாலை இருக்கிறதாம், கார் பயமே இல்லையாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். "நீயும் வந்து பாரேன்ப்பா, கோடையில ஒரு மாசம் வந்து தங்கு" என்றாள். ஐந்து மணிக்குக் கால் விரல்களில் நீலம் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. போர்வையை இழுத்து மூடினேன்.

நான் பதறவில்லை. குழம்பிப்போயும் இல்லை. என் வக்கீல் அப்படிச் சொல்லச் சொல்கிறார், ஆனால் அது உண்மையில்லை. அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நாற்பதுக்கு ஆறு மணி நேரம் முடிந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு பத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செர்ரி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் அவள் வீட்டில் இருந்தாள். படிகளை உடைத்துச் சரிவுப் பாதை கட்டினேன். குளியலறையில் கைப்பிடிகள் வைத்தேன், எல்லாம் அவள் உயரத்துக்கு, ஒன்றுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடையில் தொலைபேசிக்குப் பதில் சொல்வாள். ஊரே என்னைத் தெய்வம் மாதிரிப் பார்த்தது. மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவள் அதிகம் பேசுவதில்லை. அமைதியாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

போன செப்டம்பரில் ஒரு வாடிக்கையாளர் பழைய அளவுகளைக் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். அதைத் தேடும்போது அவள் கையில் அந்த நோட்டு கிடைத்துவிட்டது. நான் ஒரு பெண்ணுக்கு ஹேண்டில்பார் பொருத்திக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலை ஊன்றி வந்து எதிரில் நின்றாள்.

"நூத்தி அறுபத்தஞ்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"பாஸானோக்காரருக்கு வந்ததுதான் எனக்கு வந்ததுன்னும் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"அன்னைக்கு வேன்ல வரும்போதும் தெரியுமாப்பா?"

அந்த வாடிக்கையாளர் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. "சாப்பாடு ஆறிடும், வா" என்றேன்.

அவள் கத்தவில்லை. அங்கேயே நின்றுகொண்டு தார்சீசியோவைக் கூப்பிட்டாள். அவன் பதினைந்து நிமிடத்தில் வந்தான். நோட்டை நின்றபடியே படித்தான். ஒரு பகடிகூடப் பேசவில்லை. நாற்பத்தேழு வருடப் பழக்கத்தில் அவனை வாய் மூடிப் பார்த்தது அன்றைக்குத்தான். அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் புகார் கொடுத்த பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அவள் மேல் எனக்குக் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு தகப்பன் மகள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நான் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை, ஒருநாள் பட்டினி போட்டதில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். கிராங்க், சீட், தட்டுகள், நீலப் பலகை, ஏழு பத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

மாரிட் அவளை ஹாலந்துக்குக் கூட்டிப்போய்விட்டாராம். என் வக்கீல் சொன்னார். கால் இழந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அதில் அவளுக்குப் புது நேரப் பந்தய சைக்கிள் அமைக்கப்போகிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவளுடைய உடம்பு அவர்களுக்குத் தெரியாது. ஒற்றைக் காலால் மிதிக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சரியும், சீட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் இந்தத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். நாலு நாள் வேலை. இதை நீங்கள் அவளிடம் சேர்த்துவிட வேண்டும். அவள் போகட்டும், மேடம், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நான் தடுக்கவில்லை. கடைசியாகச் சீட்டின் உயரத்தை மட்டும் நானே வந்து பார்த்துவிடுகிறேன்.